பழசு என்று முடிவெடுக்கிறது யார்?

போன வருஷக் கடைசியில் அக்காவின் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு டவுனில் ஒரு கடைக்குப் போனேன். ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரெம். கொரோனாக் காலத்தில் ஒன்லைன் வகுப்புக்காக அம்மா சீட்டு எடுத்து வாங்கித் தந்தது, அதுவும் செகண்ட் ஹேண்டில். கடைக்காரர் மூடியைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்தார். "தம்பி, இது இனிச் சரிவராது. விடுறதெண்டா பார்ட்ஸுக்கு ஏதும் தரலாம்" என்றார்.

"என்ன பழுது அண்ணா?"

"பழுது ஒண்டுமில்ல. சப்போர்ட் இல்ல."

அவர் ஏமாத்தல. அவருக்குச் சொல்லப்பட்டதை எனக்குச் சொன்னார். ஆனா வீட்டுக்குத் திரும்பி வரும்போது, உட்துறைமுக வீதியில சைக்கிளை மிதிச்சுக்கொண்டு, அந்த இரண்டு வசனத்தையும் திரும்பத் திரும்ப யோசிச்சேன். பழுது இல்லாத ஒரு சாமானை எறியச் சொல்ற அதிகாரம் யாருக்கு வந்தது? எப்ப வந்தது? நாம ஏன் அதைக் கேள்வி கேட்காம ஏற்றுக்கொண்டோம்?

*

முதலில் நடந்ததை நேராகப் பார்ப்போம். விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29. அந்த வருஷம் மைக்ரோசொப்ட் ஊழியர் ஒருவர் மாநாட்டு மேடையில், இதுதான் கடைசி விண்டோஸ், இனி இதையே புதுப்பித்துக்கொண்டு போவோம் என்ற கருத்தில் பேசினார். உலகமே அதை நம்பியது. 2021 ஒக்டோபர் 5இல் விண்டோஸ் 11 வந்தது. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றன.

புதியதற்கு மாற என்ன வேண்டும்? 4 ஜிபி ரெம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட், டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்பு வசதி. இதெல்லாம் போக ஒரு பெயர்ப் பட்டியலும் இருக்கிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியலில் பெயர் இருக்கும். ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசை அளவிலிருந்து. இன்டெல்லின் எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இன் பிற்பகுதியில்தான். ஆக 2017 தைப்பொங்கலுக்குக் கடையில் பெட்டி உடைத்து எடுத்த புத்தம்புது மெஷினுக்கு, விண்டோஸ் 11 வந்த நாளில் வயது ஐந்துகூட இல்லை. அதற்குள் அது பழசாகிவிட்டது. கனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசெம்பரில் ஒரு மதிப்பீடு சொன்னது: இந்த முடிவால் உலகம் முழுக்க ஏறத்தாழ 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும்.

'பாதுகாப்புக்காகத்தான் இதெல்லாம்' என்பது கம்பனியின் பதில். அந்தப் பதிலில் உண்மை இருக்கு. டி.பி.எம். வன்பொருளுக்குள் சாவிகளைப் பூட்டி வைக்கிறது. உங்கட லப்டொப் களவு போனா, உள்ளே இருக்கிறதைத் திருடன் வாசிக்கிறது கஷ்டம். நல்ல விஷயம்தான். ஆனா ஒரு கேள்வி. புதிதாக விண்டோஸ் 10 போட்டு விற்கும் மெஷின்களில் டி.பி.எம். 2.0 இருக்க வேண்டும் என்று 2016 ஜூலையிலேயே தயாரிப்பாளர்களுக்கு நிபந்தனை போட்டது இதே மைக்ரோசொப்ட். அதன்படி செய்த ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள் எத்தனையோ இன்றைக்கும் இருக்கு. சிப் இருக்கு, செக்யூர் பூட் இருக்கு, ரெம் இருக்கு. புரொசெசரின் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. அதனால் வாசலோடு திரும்பிப் போக வேணுமாம்.

சரி, ஏழாம் தலைமுறையில் உண்மையிலேயே ஏதோ குறை இருக்கு என்று எடுத்துக்கொள்வோம். அப்படியென்றால் 2021 ஒகஸ்டில் நடந்ததை யாராவது விளக்குங்க. அந்த மாதம் பட்டியல் திருத்தப்பட்டது. ஏழாம் தலைமுறையில் கோர் ஐ7 7820எச்.கியூ. என்ற ஒரு சிப்புக்கு, அதுவும் குறிப்பிட்ட சில மெஷின்களில் இருந்தால் மட்டும், அனுமதி கிடைத்தது. அது எந்த மெஷினில் இருந்தது தெரியுமா? மைக்ரோசொப்ட் தானே தயாரித்து, அந்த நேரத்திலும் கடைகளில் விற்றுக்கொண்டிருந்த சேர்பஸ் ஸ்டூடியோ 2இல். சொந்தப் பிள்ளைக்குப் பின்கதவு திறந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு 'பாதுகாப்பு' என்று சொல்லி வாசல் மூடியது.

அதே மாதம் இன்னொரு காரணமும் சொன்னார்கள். தகுதி இல்லாத மெஷின்களில் கேர்னல் செயலிழப்பு 52 வீதம் அதிகமாம். கேட்டதும் பயம் வரும். அதே அறிக்கையிலேயே தகுதி உள்ள மெஷின்களில் 99.8 வீதம் செயலிழப்பே இல்லாத அனுபவம் என்றும் இருந்தது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. 0.2 இன் மேல் 52 வீதத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 0.3. அதாவது 99.8க்குப் பதில் தோராயமா 99.7. ஓ/எல் கணிதம் படித்த பிள்ளை செய்யக்கூடிய கணக்கு இது. இந்த வித்தியாசத்துக்காகவா அம்மா திரும்பவும் சீட்டு எடுக்க வேணும்?

*

இப்போ உண்மையான கதைக்கு வருவோம். 'ஓடாது' என்று சொன்ன மெஷினில் விண்டோஸ் 11 ஓடுமா? பெரும்பாலும் ஓடும். தகுதி பார்க்கிற வேலையைச் செய்வது நிறுவும் புரோகிராம். அந்தச் சோதனையைத் தாண்டிவிட்டால் உள்ளே இருக்கும் இயங்குதளம் வழமைபோல வேலை செய்கிறது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு பெயரைச் சேர்த்து அதன் மதிப்பை 1 ஆக்கினால், டி.பி.எம். 1.2 உள்ள, பட்டியலில் இல்லாத புரொசெசர் கொண்ட மெஷினையும் மேம்படுத்தலாம். இதை எந்த ஹேக்கரும் கண்டுபிடிக்கவில்லை. மைக்ரோசொப்ட்டே தன் உதவிப் பக்கத்தில் போட்டிருந்தது. பிறகு விண்டோஸ் 10 சாகப்போகும் வருஷம், 2025இன் ஆரம்பத்தில், சத்தமில்லாமல் அந்தப் பகுதியை எடுத்துவிட்டது. டி.பி.எம். அறவே இல்லாத மெஷினுக்கு ரூபஸ் என்ற இலவசக் கருவி இருக்கு. நிறுவும் பென் டிரைவைத் தயாரிக்கும்போதே அந்தச் சோதனைகளை நீக்கட்டுமா என்று அது கேட்கும். ஒரு டிக் போட்டால் முடிந்தது.

எல்லா மெஷினுக்கும் இது பொருந்தாது, அதையும் சொல்லத்தான் வேணும். 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து புரொசெசரில் சில கட்டளைகள் கட்டாயம் இருக்க வேண்டும். பழைய கோர் 2 டுவோ மெஷின்களில் அவை இல்லை. அங்கே விண்டோஸ் 11 எழும்பவே எழும்பாது. இது இயலாமை, நியாயமான எல்லை. நான் கோபப்படுவது இதைப் பற்றி இல்லை. 'இயலாது' என்பதும் 'விடமாட்டேன்' என்பதும் ஒரே சொல்லாக, 'சப்போர்ட் இல்லை' என்ற சொல்லாக, நமக்கு விற்கப்படுவதைப் பற்றித்தான். ஆப்பிள் பக்கமும் இதே கதைதான். கைவிடப்பட்ட மெக்புக்குகளில் புதிய மெக் ஓ.எஸ். போடுவதற்கு ஓபன்கோர் லெகசி பச்சர் என்ற கருவியைத் தன்னார்வலர்கள் செய்து வைத்திருக்கிறார்கள். கம்பனி கைவிட்டதை ஆட்கள் கை கொடுத்துத் தூக்குகிறார்கள்.

*

நம்ம ஊர் சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. வெள்ளைக்காரன் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கட்டத் தொடங்கியவை. மேல்பக்கத் தாங்கிகளில் பல காட்டுக்குள் செடிகொடி சுற்றிக் கிடந்தன. 2003இலிருந்து கீழ்ப்பக்கத் தாங்கிகளை லங்கா ஐ.ஓ.சி. பயன்படுத்துகிறது. 2022 ஜனவரியில் புதிய ஒப்பந்தம் போட்டார்கள்: ஐ.ஓ.சி.க்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, கூட்டுக் கம்பனிக்கு 61. எண்பது வருஷத்துக்கு மேல் பழைய இரும்பு! யாராவது 'சப்போர்ட் முடிஞ்சுது, எறியுங்க' என்று சொன்னார்களா? இரண்டு நாட்டு அரசாங்கங்கள் அதுக்காக வருஷக்கணக்கில் பேரம் பேசின. ஒரு சாமான் பழசா, சொத்தா என்பதை அதன் வயசு தீர்மானிக்கிறதில்லை. அது யாருக்கு லாபம் தருது என்பதுதான் தீர்மானிக்குது. தாங்கியைத் திருத்தி ஓட்டினால் கம்பனிக்கு லாபம். அக்காவின் லப்டொப்பைத் திருத்தி ஓட்டினால் எங்களுக்கு மட்டும்தான் லாபம். அதனால் தாங்கி சொத்து, லப்டொப் குப்பை.

இந்த ஊருக்குத் திருத்துகிறது புதுசும் இல்லை. மொரிஸ் மைனர் இன்னும் ரோட்டில ஓடுது. படகு எஞ்சினைப் பிரிச்சுப் பூட்டி ஓட்டுகிற கைகள் கரை நெடுக இருக்கு. எஞ்சின் செய்த கம்பனி 'இனி இதைக் கடலுக்குக் கொண்டு போகக் கூடாது' என்று கடிதம் போட்டால் கரையில் என்ன நடக்கும்? சிரிப்பாங்க. கணினி என்று வந்ததும் அதே நாம் ஏன் தலையாட்டுறோம்?

*

காசுக் கணக்கையும் பார்ப்போம். விண்டோஸ் 10இலேயே இருக்க விரும்புகிறவர்கள் 30 டொலர் கட்டினால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும் என்றது கம்பனி. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 9,000 ரூபா. 2025 ஏப்ரலில் இந்த நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக ஆக்கப்பட்டது. அதில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு வருஷத் தவணைக்கு. டொலரில் கட்டுகிறதுக்கு நம்மில் எத்தனை பேரிடம் கார்ட் இருக்கு என்பது வேறு கதை. 2022இல் டொலர் 200இலிருந்து 360 வரை ஏறினதை மறக்கிற வயசு நமக்கு இன்னும் வரல. அன்றிலிருந்து 'புதுசு வாங்குங்க' என்கிற சொல் இந்த நாட்டில் வேறு அர்த்தம் எடுத்துவிட்டது.

காசு கட்டாத வழியும் இருந்தது: மைக்ரோசொப்ட் கணக்கால் உள்ளே போய், உங்கள் அமைப்புகளை அவர்களின் கிளவுட்டில் ஏற்ற வேண்டும். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் இந்த நிபந்தனையை எதிர்த்துச் சத்தம் போட்டன. 2025 செப்டெம்பரில் அந்த வலயத்துக்கு மட்டும் நிபந்தனை தளர்ந்தது. இயந்திரம் ஒன்று, மென்பொருள் ஒன்று, ஆபத்தும் ஒன்று. ஆனா சத்தம் போட்டவனுக்கு ஒரு விலை, போடாதவனுக்கு ஒரு விலை.

*

இவ்வளவையும் வாசிச்சிட்டு, 'அப்ப நான் விண்டோஸ் 10லயே கிடக்கிறேன், ஒண்டும் நடக்காது' என்று சொல்கிறவர்களோடும் எனக்குச் சண்டை இருக்கு. 2017 மே மாதம் வனாகிரை என்ற வைரஸ் உலகத்தையே முடக்கியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த ஓட்டையை அடைக்கிற புதுப்பிப்பு இரண்டு மாதம் முன்னமே, மார்ச்சில், வெளியாகியிருந்தது. போடாதவங்கதான் மாட்டினாங்க. நீங்க ஒன்லைன் பேங்கிங் செய்கிற, அடையாள அட்டை ஸ்கேன் வைத்திருக்கிற மெஷினுக்குப் புதுப்பிப்பு வராமல் இருப்பது கதவைத் திறந்து போட்டுவிட்டு நித்திரை கொள்வது மாதிரி.

இன்னொரு கூட்டமும் இருக்கு. 'பைபாஸ் எல்லாம் ஆபத்து, கம்பனி சொன்னதைக் கேளுங்க' என்று புத்தி சொல்வாங்க. அவங்கட மெஷினைத் திறந்து பார்த்தா, யாரோ தந்த பென் டிரைவில் இருந்து போட்ட கிராக் விண்டோஸ். அதை உயிர்ப்பிக்க அன்டிவைரஸை நிற்பாட்டிவிட்டு ஓட்டின ஏதோ ஒரு அக்டிவேட்டர். அந்த அக்டிவேட்டருக்குள் என்ன இருக்கு என்று தெரியுமா அண்ணா? கம்பனி தானே எழுதி வைத்திருந்த ஒரு ரெஜிஸ்ட்ரி வரி ஆபத்து, முகம் தெரியாதவன் எழுதின புரோகிராம் பாதுகாப்பு. நல்ல நியாயம்!

பைபாஸ் செய்கிறவர்கள் தெரிந்துகொண்டு செய்ய வேணும். முதலில் படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் வேறொரு இடத்தில் பிரதி எடுங்க. இப்போதைக்கு மாதாந்தப் புதுப்பிப்புகள் வருகின்றன, ஆனா வரும் என்ற உத்தரவாதம் இல்லை என்று கம்பனி எழுதி வைத்திருக்கு. வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது, கையால்தான் ஏற்ற வேணும். வலோரண்ட் விளையாடுகிறவர்களுக்கு ஒரு கவலையான செய்தி: விண்டோஸ் 11இல் அது டி.பி.எம். 2.0உம் செக்யூர் பூட்டும் கேட்கும், அங்கே பைபாஸ் செல்லாது. அதோட, மெஷின் ஆமை மாதிரி ஊருதென்றால் குற்றம் பெரும்பாலும் புரொசெசரில் இல்லை, பழைய ஹார்ட் டிஸ்க்கில்தான். அதைக் கழற்றி ஒரு எஸ்.எஸ்.டி. போட்டுப் பாருங்க. புது மெஷின் விலையில் சிறு பகுதிதான், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

*

ஆனா ஒரு சாவியைத் தேடிக் கண்டுபிடிச்சு மறுபடியும் அதே வீட்டுக்குள் போவதோட கதை முடியக் கூடாது. வீட்டுக்காரன் நினைத்தால் நாளைக்குப் பூட்டை மாத்துவான். கட்டற்ற மென்பொருள் என்று ஒன்று இருப்பதை நாம ஏன் மறந்தோம்?

மறந்தோம் என்றுதான் சொல்றேன், ஏனென்றால் இந்த நாடு ஒரு காலத்தில் அதில் உலகத்துக்கு வழி காட்டினது. 2004 டிசெம்பர் 26, சுனாமி. இந்தக் கரையையும் அடித்துக்கொண்டு போனது. காணாமல் போனவர்களைப் பதிய, முகாம்களைக் கணக்கெடுக்க, எந்த முகாமுக்கு என்ன தேவை என்று அறிய, இலங்கைத் தன்னார்வலர்கள் சில நாட்களுக்குள் எழுதத் தொடங்கிய மென்பொருள்தான் சஹானா. கட்டற்ற மென்பொருளாகவே வெளியிட்டார்கள். அதனால் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அதை எடுத்துப் பயன்படுத்த முடிந்தது. சமூக நன்மைக்கான திட்டம் என்ற விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு 2006இல் கொடுத்தது. அதற்கு முந்தின வருஷம் அதே விருதை வாங்கியது விக்கிபீடியா. அந்த வரிசையில் நம்ம பெயர் இருக்கு.

பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பாடசாலைகள் பல வருஷமாக லினக்ஸில்தான் கணினி படிக்கின்றன. தமிழ்நாட்டில் 2011இலிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோட பொஸ் லினக்ஸும் இருந்தது. நம்ம உயர்தர ஐ.சி.டி. பாடத்தில் என்ன இருக்கு? பைதன், எச்.டி.எம்.எல்., பி.எச்.பி., மைஎஸ்கியூஎல். இதில் எதுக்கு விண்டோஸ் கட்டாயம்? ஒன்றுக்கும் இல்லை. லினக்ஸ் மின்ட் 22, 4 ஜிபி ரெம் உள்ள பழைய மெஷினிலும் ஓடும், 2029 வரை புதுப்பிப்பு வரும், ஒரு சதம் கேட்காது. யூனிகோட்டில் தமிழ் எழுதலாம், லிப்ரே ஒபிஸில் அசைன்மென்ட் செய்யலாம்.

தடை எங்கே என்றும் எனக்குத் தெரியும். கொமியூனிகேஷன் கடையில் கலியாணக் கார்ட் அடிக்கிற அண்ணா பேஜ்மேக்கரையும் பாமினி எழுத்துருவையும் விடமாட்டார். பாமினி எங்கே போட்டாலும் வேலை செய்யும், பேஜ்மேக்கர் லினக்ஸில் நேரடியாக ஓடாது. கணக்கியல் மென்பொருள் வைத்திருக்கிறவர்களுக்கும் இதே சிக்கல். அவர்களை நான் குறை சொல்லல. அவங்களுக்குத்தான் மேலே சொன்ன பைபாஸ் வழி. ஆனா படம் பார்க்க, பாடம் படிக்க, எழுத, இன்டர்நெட் பார்க்க மட்டும் மெஷின் வைத்திருக்கிற நமக்கு என்ன சாட்டு? பென் டிரைவில் போட்டு, ஒன்றையும் அழிக்காமல், ஒரு மணித்தியாலம் ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்கல என்றால் கழற்றிவிடலாம்.

*

கடைசியாகக் கேட்க வேண்டியது நம்மிடம் இல்லை, பாடசாலைகளிடமும் அரச அலுவலகங்களிடமும். மாவட்டம் முழுக்கக் கணினி ஆய்வுகூடங்களில் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தினதும் எத்தனை இருக்கு என்று யாராவது எண்ணினார்களா? கல்வி நிறுவனங்களுக்கு மைக்ரோசொப்ட் அறிவித்த நீட்டிப்பு விலை ஒரு கணினிக்கு முதல் வருஷம் 1 டொலர், இரண்டாவது 2, மூன்றாவது 4. உரிய உரிமம் இருந்தால் மூன்று வருஷத்துக்கு 7 டொலர். அதுவும் வேண்டாமென்றால் லினக்ஸ், சும்மா. இந்த இரண்டு வழியையும் பார்க்காமல் 'பாவனைக்கு உதவாதவை' என்று பட்டியல் போட்டு மூலையில் குவிப்பது பொதுச் சொத்தைக் கடலில் கொட்டுவதற்குச் சமம். பிரிட்டனிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த 260க்கும் மேற்பட்ட குப்பைக் கொள்கலன்களை 2022க்குள் திருப்பி அனுப்பிய நாடு இது. அடுத்தவன் குப்பையை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த நமக்கு, அடுத்தவன் சொன்னதற்காக நல்ல சாமானைக் குப்பையாக்க மாட்டோம் என்று சொல்லவும் தெரிய வேணும்.

உங்கட பழைய பாடசாலைக்கு ஒருநாள் போங்க. ஐ.சி.டி. ஆசிரியரிடம் கேளுங்க: 'சேர், இந்த மெஷின்களை என்ன செய்யப் போறீங்க?' நாலு பேர் சேர்ந்தால் ஒரு சனிக்கிழமையில் ஒரு ஆய்வுகூடத்தையே முடிக்கலாம். பென் டிரைவை நான் கொண்டு வாறேன்.

அக்காவின் லப்டொப்? அவட வேலைக்கு எக்செல் கட்டாயம், அதனால் பைபாஸ் செய்து விண்டோஸ் 11 போட்டேன். 256 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றும் மாத்தினேன். மூன்று மாதமாக மாதாந்தப் புதுப்பிப்பு தவறாமல் வந்திருக்கு. போன கிழமை அந்தக் கடைக்குத் திரும்பவும் கொண்டு போய்க் காட்டினேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, உள்ள இன்னும் எட்டு மெஷின் இதே மாதிரிக் கிடக்கு. எப்பிடிச் செய்தனீங்க எண்டு ஒருக்காக் காட்டிவிடுங்களன்."